சூளைக்குப் போய் வந்த முகம்

நண்பா,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் போஸ்டர் கலர் வாசனை குப்பென்று அடித்தது. நீ என்னிடம் தள்ளிவிட்டுப்போன டப்பாக்கள்தான். எதையும் ஒழுங்காக மூடாத ஆள் நீ. சிவப்பு காய்ந்து கட்டியாகிவிட்டது. முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சி போன பிறகு நீ சவரம் செய்யவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் என்ன பேசுவது? நம்மூரில் வயதானவர்களுக்கு ஓவிய வகுப்பு நடக்கிறதென்று கேள்விப்பட்டு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். "யோவ், நான் என்ன ஒண்ணாங்கிளாஸு புள்ளையா?" என்று வழியெல்லாம் திட்டினாய். லாரி ஓட்டிய கை, பிரஷ்ஷை ஸ்டியரிங் மாதிரி பிடித்தது. ஆனால் சில வாரங்களில் வெள்ளைப் பீங்கான் தட்டில் தங்கச்சியின் முகம் வந்துவிட்டது! "கண்ண மூடுனா அப்படியே தெரியறாய்யா" என்றாய். அன்று டீக்கடையில் வடை கேட்டு வாங்கித் தின்றாய்.

பீங்கான் பொம்மைக்குப் பேர்போன விருத்தாசலத்துக்காரனுக்குச் சூளையில் வேகாத பொருள் முடிந்த பொருளே இல்லை. நீ யாரிடமும் சொல்லாமல் தட்டைப் பொம்மைச் சூளையில் கொடுத்துவிட்டாய். வேகும் முன்னே அங்கே எந்தக் கலரும் மங்கலாகத்தான் இருக்கும், உன் கலரும் காய்ந்து அப்படித்தான் இருந்தது, அதனால் சூளைக்காரரும் சந்தேகப்படவில்லை. அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூசுகிற கலர், நெருப்புத் தாங்காது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வாங்கிவர நானும் கூட வந்தேன். தட்டு வெள்ளை வெளேரென்று வந்தது.

நீ கத்தியிருந்தால்கூடத் தேவலை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நானே அவள இன்னொரு தடவ எரிச்சிட்டேன்யா" என்றாய்.

"வேற ஒண்ணு வரையலாம் வாய்யா" என்று உன் வீட்டு வாசலில் நின்று எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன்! "மொகம் வர மாட்டேங்குது. வெறுந்தட்டுதான் தெரியுது" என்று கலர் டப்பாக்களை என் கையில் திணித்தாய். டாக்டரிடம் கூட்டிப்போனேன். திட்டக்குடியிலிருந்து உன் மகளை வரவழைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சோறு குறைந்தது, பேச்சு நின்றது, ஆடி முடிவதற்குள் நீயும் போய்விட்டாய். பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

வகுப்புக்கு இன்னும் போகிறேன். தாமரை, கிளி, மாடு, எதைச் சொன்னாலும் போடுகிறேன். போன சனிக்கிழமை டீச்சர், "உங்க பிரெண்டு மொகத்த வரையுங்களேன் ஐயா, மனசு லேசாவும்" என்றார். பென்சிலை எடுத்தேன். உன் முகம் நன்றாகவே தெரிந்தது, தாடையில் இருந்த தழும்பு உட்பட. வரைந்து முடித்தால் அதற்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.