தொண்ணூற்று நான்கு புள்ளி

2009 ஆகஸ்ட் 16, ஞாயிறு, காலை 6.10. பரீட்சை எழுதியவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரும் சித்தி, ஒருவரும் தவறவில்லை.

அன்புள்ள இர்ஷாத்,

நான் சுகம். உன் உம்மாவும் சுகம். இதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது, சாலிஹ் காக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். வாசித்ததும் கிழித்துவிடு.

உன் கொழும்பு அச்சகத்துக்கு என் வரைகலை வகுப்பிலிருந்து கெட்டிக்கார ஆள் கேட்டிருந்தாய். ஆள் இருக்கிறது. கல்குடா இராசதுரை அண்ணனின் மகள் தக்ஷாயினி, உயர்தர வகுப்பு. 94 புள்ளி. நான் யாருக்கும் 70க்கு மேல் போடுவதில்லை, உனக்கே தெரியும்.

கடைசி ஒப்படைக்கு வரைய வேண்டியது மனித முகம். அவள் தன் அண்ணன் நிதுர்ஷனைக் கீறினாள். 2006இல் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. உயிரோடு இருக்கிறானா, தெரியாது. வீட்டுப் படங்களைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. பாடசாலையில் பதின்மூன்று வயதுப் படம் ஒன்று, முத்திரை அளவில், மிஞ்சியிருந்தது. அதைக் கணினியில் ஏற்றி, தகப்பனின் தாடையைப் பொருத்தி, மீசை வைத்து, இப்போதைய வயதுக்குக் கொண்டுவந்தாள். புகைப்படம் என்றே நினைப்பாய்.

இராணுவ முகாம் அதிகாரியும் அப்படித்தான் நினைத்தார். அவரைப் பிரதம அதிதியாகக் கூப்பிடாமல் இங்கே ஒரு கண்காட்சி நடத்த முடியுமா? மாலை போட்டு அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதும் நாங்கள்தான். எப்போது எடுத்தது, ஆள் எங்கே என்று கேட்டார். "இது எடுத்த படமில்ல ஐயா, மகள் கீறினது" என்றார் இராசதுரை அண்ணன். அன்று பின்னேரமே அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் முகாமுக்குப் போய், நம்பாவிட்டால் உங்கள் முன்னாலேயே கீறச் சொல்லுங்கள் என்றேன். சரியான சோதனை. பென்சிலால் இரண்டு மணித்தியாலத்தில் கீறினாள், அச்சு அசல். தகப்பனை விட்டார்கள், படத்தை வைத்துக்கொண்டார்கள். இப்போது வீதியில் மறித்துச் சோதிக்கும் ஒவ்வொரு சென்றியிலும் அதன் பிரதி, தேடப்படுபவன் என்று. தாய் புஸ்பம் அக்கா என்னிடம், "நல்லம் தம்பி, எல்லா இடத்திலயும் ஒட்டிப்போட்டாங்க. ஆராவது கண்டாச் சொல்லுவாங்கதானே" என்றார்.

வெள்ளிக்கிழமை முகாமிலிருந்து ஓர் உறை வந்தது. ஏழு பொடியன்களின் பாடசாலைப் படங்கள். வியாழனுக்குள் அவள் ஏழு பேரையும் வளர்ந்த ஆட்களாகக் கீறிக் கொடுக்க வேண்டுமாம். "சேர், வடிவாக் கீறவா, பிழையாக் கீறவா?" என்று கேட்டாள். பிழையாகக் கீறினால் பிடிபடுவாள். அவள் கையை அவர்கள் பார்த்தாயிற்று.

சான்றிதழ் கேட்காமல் அவளை எடு. களவு செய்தவள் என்று ஊர் சொல்லும், நம்பாதே. எந்த வேலையும் கொடு, முகம் மட்டும் கொடுக்காதே. உன் தங்கச்சி அஸ்மியாவைப் போல வைத்துக்கொள்.

நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை 94ஐ வெட்டி 24 போடுவேன். பரீட்சையில் களவு செய்தாள் என்று அதிபருக்கு எழுதிக் கொடுப்பேன்.

2. செவ்வாய் பஸ்ஸில் உன் உம்மாவோடு, முக்காடு போட்டு ஏற்றிவிடுவேன். வழி நெடுகச் சென்றிகளில் இறங்கி அண்ணன் முகத்தைத் தாண்ட வேண்டும். அழக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

3. அவமானத்தில் எங்கோ ஓடிவிட்டாள் என்று முகாமில் சொல்வேன். புஸ்பம் அக்காவிடமும் அதையே சொல்வேன். விசாரிக்க வரும்போது அவரின் அழுகை உண்மையாக இருக்க வேண்டும்.

4. அந்த ஏழு பேரையும் நானே கீறிக் கொடுப்பேன். மென்பொருள் எனக்கு அத்துப்படி, முகம் வராது. பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

ரதீஸ்