கைகளை மட்டும் கீறினேன்

ராத்தா,

கட்டாரிலிருந்து வந்திருக்கும் உங்கள் மகன் இன்று காலை, நான் பென்சிலால் கீறிய அந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து நடு அறையில் மாட்டினான். புதுப் பலகையின் வாசம் வீடெல்லாம் பரவியது. உங்கள் ஜனாஸா நல்லடக்கத்துக்கு வர முடியாமற்போன பிள்ளை. படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். நான் குசினி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இந்த மருதமுனை வீட்டில் வெளிச்சமுள்ள ஒரே அறையைத் தங்கச்சி எனக்குத் தந்துவிட்டு, உங்கள் தறியை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றினீர்கள். "கீறுறவளுக்குத்தான் வெளிச்சம் வேணும். எனக்கு நூல் கையில தெரியும்" என்றீர்கள். மழைக் காலத்தில் சாரல் அடிக்க, சாக்கைத் தொங்கவிட்டு நெய்தீர்கள். நான் உள்ளே, கீறிய தோணிகளுக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி வந்து, "குமர்ப் புள்ள உருவம் கீறுறது மார்க்கத்துல ஆகுமா?" என்று கேட்டார். "அவள் கடலைத்தான் கீறுறாள் மாமி. உங்கட முகத்தக் கேட்டு வரமாட்டாள், பயப்படாதீங்க" என்றீர்கள். மாமியே சிரித்துவிட்டார்.

ஆனால் நீங்களும் உங்கள் முகத்தைத் தந்ததில்லை. ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு, நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நினைத்துப் பென்சிலை எடுத்தேன். கண் விழித்துப் பார்த்தீர்கள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டீர்கள். வெட்கத்தில் தாளைச் சுருட்டி வைத்தேன்.

மறுநாள் நீங்களே கூப்பிட்டீர்கள். "முகம் வேணாம் புள்ள. கையைக் கீறிக்க." இரண்டு கைகளையும் போர்வைக்கு மேல் எடுத்து வைத்தீர்கள்.

பகல் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். நூல் அறுத்த தழும்புகள், வீங்கிய மூட்டுகள், மருந்து ஏற்றிய இடத்தில் கன்றிய நீலம். என் வாழ்நாளில் அப்படி ஒரு கோடு என் கைக்கு வந்ததில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது கூடக் கேட்கவில்லை. உங்கள் மகள் ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் தலையை நிமிர்த்தினேன்.

"சாச்சி, உம்மா தண்ணி தண்ணியெண்டு கேக்கிறா. குசினி வரைக்கும் கேக்குது. பக்கத்துல இருக்கிற உங்களுக்குக் கேக்கல்லையா?"

அவள் கரண்டியால் தண்ணீர் பருக்கினாள். இரண்டு மிடறு குடித்துவிட்டு, "அவளை ஏசாத மகள். அவ வேலையில இருக்கா" என்றீர்கள். அவள் என்னை இன்னும் ஏசியிருக்கலாம். நீங்களாவது ஏசியிருக்கலாம். அந்த வாரமே மௌத்தாகிவிட்டீர்கள்.

படத்தைப் பார்த்தவர்களெல்லாம் நான் கீறியதில் இதுதான் சிறந்தது என்கிறார்கள். ஓம், எனக்கும் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

இன்று உங்கள் மகன் குசினி வாசலில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "நீங்கதானே சாச்சி கூடவே இருந்தீங்க. கடைசியில உம்மாட முகம் எப்படி இருந்திச்சு?"

உங்கள் விரல்களின் ஒவ்வொரு ரேகையையும் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். அன்று பின்னேரமும், படத்தை முடித்த மற்ற நாட்களிலும் உங்கள் முகத்தை நான் பார்க்கவேயில்லை, ராத்தா.

"அமைதியா இருந்திச்சு மகன்" என்றேன்.

அவன் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.