லின்னின் சட்டை

அல் கூஸ் கேம்ப், துபாய்

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் சரியில்லை, நீயாவது நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாயா. ஊரில் அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை போடச் சொன்னால் டாக்டராகப் போகிற மகள் வந்து சொல்லட்டும் என்கிறாள். தினம் போனில் பேசுகிற அப்பனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை, தவிர இந்தப் பொட்டலத்தை வெறுமனே கொடுத்தனுப்பவும் முடியாது. இங்கே தேராவில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாலிதா அக்கா சரக்கெடுக்க, நீ படிக்கிற சீனாவுக்கு வருகிறார், அங்கிருந்து உனக்குக் கூரியரில் போட்டுவிடுவார். உள்ளே இருப்பது லின்னின் சட்டை.

லின்னை உனக்குத் தெரியும், வீடியோவில் கை காட்டுவாரே, எங்கள் சைட்டில் கண்ணாடி பதிக்கிற சீனாக்காரர், உன் காலேஜுக்குப் பக்கத்துக் கிராமம் என்பதால் உன்னைச் சொந்த மகள் மாதிரி விசாரிப்பார். போன மாதம் லிஃப்ட் குழியில் விழுந்து செத்துப்போனார். உனக்குப் பரீட்சை என்று சொல்லாமல் இருந்தேன். இங்கேயே எரித்துச் சாம்பலை அனுப்பிவிட்டார்கள், ஆனால் அவர்கள் வழக்கப்படி சாம்பல் போனால் ஆள் போனதாக ஆகாதாம். வெளியில் செத்தவனை, விழுந்த இடத்திலேயே நின்று, அவன் உடுத்திய சட்டையைக் கையில் பிடித்து, பேர் சொல்லி வீட்டுக்கு வா என்று கூப்பிட வேண்டுமாம், இல்லாவிட்டால் அங்கேயே கிடந்து அலைவானாம். அவர் ரூமில் இருந்த சீனாக்காரர்களை அபுதாபி சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அவசரத்தில் சட்டையை என் கையில் திணித்து, கூப்பிட வேண்டியதை அவர்கள் பாஷையில் என் போனில் பேசிப் பதிந்துவிட்டுப் போனார்கள். நமக்கோ கொள்ளி வைத்தால் திரும்பிப் பார்க்காமல் வருவதுதான் வழக்கம், செத்தவனையே வா என்று கூப்பிடுவதா என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

உன்னோடு படிக்கிற பிள்ளைகள் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரிக்கலாம். லின் தன் ஊர்க் கதையை அரைகுறை ஹிந்தியும் அரபியும் கலந்து சொல்லியிருக்கிறார். அவர் பிறப்பதற்கு முன்னால், கையில் சிவப்புப் பட்டை கட்டிய பையன்கள் கூட்டமாக வந்து ஊர்க் கோயிலை இடித்தார்களாம், மந்திர் கலாஸ், பூசை மாஃபி, அதாவது கோயில் முடிந்தது, பூசை இல்லை என்பார். முன்னோர் பேர் எழுதி வீட்டில் வைத்துக் கும்பிடுகிற பலகைகளைப் பிடுங்கி அடுப்பில் போட்டார்களாம். புதுப்பெண்ணாக வந்திருந்த அவர் அம்மா ஒரே ஒரு பலகையைப் பன்றித் தொழுவத்தில் புதைத்துக் காப்பாற்றினாராம். இப்போது கோயிலைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், கும்பிட்டால் யாரும் அடிப்பதில்லை, ஆனால் திருவிழா என்றால் அனுமதி வேண்டும், கட்சிக்காரர் வாசலில் நின்று கண்காணிப்பார், அந்தக் கட்சிக்காரர் பெண்டாட்டியே உள்ளே பத்தி கொளுத்துவாளாம். நம் ஊரில் மேடையேறிச் சாமி இல்லை என்கிறவர் வீட்டம்மா பழனிக்குப் பால்குடம் எடுப்பதில்லையா என்று நான் சொல்ல, மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பலகையைப் புதைத்துக் காப்பாற்றிய அந்த அம்மாதான் இப்போது மகன் வருவான் என்று காத்திருக்கிறார்.

என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை மகளே. விசாரணை என்று குழியைச் சுற்றி அடைத்து வைத்திருந்தார்கள், சேஃப்டி ஆபீசரிடம் கெஞ்சினேன், பெர்மிட் மாஃபி, யல்லா போ என்று விரட்டிவிட்டார். பயத்தில் நானும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன், தடுப்பை எடுத்த அன்றே அடியில் கான்கிரீட் கொட்டி மூடிவிட்டார்கள். தகர வேலிக்கு வெளியே, எங்கள் பஸ் நிற்கிற இடத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன், மிக்ஸர் லாரி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உனக்கு அவர்கள் பாஷை வரும், நீயே இதை அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடு. உன் அப்பா எங்கே நின்று கூப்பிட்டார் என்றுதான் முதலில் கேட்பார். விழுந்த இடத்திலேயே நின்று கூப்பிட்டார் என்று சொல்லிவிடு. பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பேன் என்று வளர்த்த அப்பன்தான் சொல்கிறேன், பாவம் என்னைச் சேரட்டும்.

எந்தச் சாமி பக்கத்தில் இருந்தாலும் அது உன்னைக் காக்கட்டும், நோய்நொடி இல்லாமல் படித்து முடி, குளிருக்கு ஸ்வெட்டர் போடு. சட்டையைத் துவைத்துவிடாதே. மறக்காமல் இன்னொன்று, வழியில் பாலம் வந்தால், லின், பாலம் வருகிறது, கூடவே வா என்று சொல்லிக்கொண்டே போக வேண்டுமாம், இல்லாவிட்டால் வழி தவறிவிடுவாராம், பஸ்ஸில் யார் சிரித்தாலும் கூச்சப்படாதே. அவர் அந்தக் கான்கிரீட்டுக்கு அடியிலேயே கிடக்கிறாரோ, நீ வெறும் சட்டையைத்தான் தூக்கிக்கொண்டு போகிறாயோ, எனக்குத் தெரியாது. ஆனாலும் பாலம் வந்தால் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
சோலைமுத்து