வௌவாலுக்குப் பொட்டு

புரட்டாசி 12, ஞாயிறு

நடவு முடிந்த அலுப்பிலும் தூக்கம் வரவில்லை. காலையில் வீடியோ காலில் நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் மகளின் மாமியார், சீனத்து அம்மாள், போன மாதம் இரண்டு டீக்கோப்பைகள் அனுப்பியிருந்தார். கையால் வரைந்த பீங்கான். மஞ்சள் பூச்சின் மேல் ஒரு பீச் பழம், அதைச் சுற்றி ஐந்து சிவப்பு வௌவால்கள். என் மனைவி கமலா பதறிவிட்டாள்.

"பொண்ணு மாசமா இருக்கறப்ப வீட்டுக்குள்ள வௌவாலா?"

சம்பந்தி அனுப்பியது, தூக்கிப் போடவும் முடியாது. ஒவ்வொரு வௌவால் மேலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி மறைத்து, அலமாரியில் வைத்துவிட்டாள்.

இன்று சம்பந்தியம்மா கோப்பையைக் காட்டச் சொன்னார். நான் யோசிக்காமல் எடுத்துக் காட்டித் தொலைத்தேன். பொட்டுகளைப் பார்த்துவிட்டு அவர் ஏதோ கேட்டார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா! அவங்களுக்கு வௌவால்னா நல்ல சகுனம்மா. பொறக்கப்போற குழந்தைக்காக அத்தை தேடித்தேடி வாங்கினாங்க."

கமலாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "மன்னிச்சுக்கச் சொல்லுடி" என்றாள். சம்பந்தியம்மாவோ விழுந்து விழுந்து சிரித்தார்.

சாயங்காலம் கமலா தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு பொட்டாக உரித்துக்கொண்டிருந்தாள். நான் டீ கேட்டேன். வழக்கமான டம்ளரில் வரவில்லை, அந்தக் கோப்பையில் வந்தது. பார்த்தால், ஐந்து வௌவால்களின் நெற்றியிலும் கடுகளவு சந்தனம்.

"என்ன கமலா இது?"

"நம்ம பேரப்பிள்ளைக்கு நல்லது பண்ண வந்துருக்குங்க. வெறும் நெத்தியோடவா விடுறது?"