திருச்சியிலிருந்து முக்கால் மணி நேரம்

ஐம்பது தாண்டியும் பஸ் ஏறினால் வாந்தி எடுக்கிறவள் நான் என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல்முறை. இன்று கைப்பையைத் துழாவும்போது, காய்ந்து கல்லாகிவிட்ட எலுமிச்சம்பழம் ஒன்று விரலில் இடறியது. உன் சாவுக்கு வந்தபோது பஸ்ஸில் முகர்ந்துகொண்டே வந்த பழம். கொஞ்சம் வாசனை இன்னும் இருக்கிறதடி.

கல்யாணம் முடிந்து உன்னைக் கோயம்புத்தூரில் புகுந்த வீட்டில் விட வந்த வேனில், கரூர் தாண்டுவதற்குள் உன் மாமனாரின் பட்டு வேட்டியை நனைத்துவிட்டேன். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நம்மூரு ஆலங்குடிச் சீருலயே ஒன் சீருதான்டி கனம்" என்றாய். புதுப்பெண் இப்படிச் சிரிக்கலாமா என்று உன் நாத்தனார் முறைத்ததை, ஊர் திரும்பி வீடு வீடாகப் பரப்பியவள் நான்தான். அதோடு சரி. அப்புறம் ஊருக்கு நீதான் வந்து போனாய். நான் உன் வீட்டுப் படி ஏறவேயில்லை.

போன ஆடியில் உன் குரல் வந்தது. "டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்கடி. ஒருதரம் வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ."

அழுதுகொண்டே போனில் தேடினேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு இருநூறு கிலோமீட்டர்கூட இல்லையாம்; பறந்தால் முக்கால் மணி நேரமாம். உடனே உன்னைக் கூப்பிட்டேன்.

"ப்ளேன்ல வாரேன்டி!"

"ஜன்னலத் தொறந்து வாந்தி எடுத்துப்புடாத. கீழ சனங்க நடமாடும்."

தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரி பெட்டிகூட இரவல் கொடுத்தாள்.

டிக்கெட் போடும் கடைக்காரர் சிரிக்காமல்தான் சொன்னார். "அக்கா, அது மேப்புல கோடு போட்டுப் பார்த்த கணக்கு. அங்கிட்டு நேரா ப்ளேனே கெடையாதுங்க. மெட்ராஸ் போயி மாறணும். பகல் பூராவும் ஆயிரும்."

உன்னிடம் இதை எப்படிச் சொல்வது? வெட்கம். தினமும் கூப்பிட்டு ஒரு சாக்குச் சொன்னேன். மழை என்றேன், டிக்கெட் விலை என்றேன். நீயும் விடவில்லை.

"இன்னைக்கு ஒன் ப்ளேனுக்கு என்னடி நோவு?"

"டயர் பஞ்சராம்."

சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்து, உன் மகள் போனை வாங்கிக்கொண்டாள். நாளாக ஆக உன் பேச்சு சுருங்கியது. கடைசியில், நீ மூச்சு விடும் சத்தத்திடம் நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்துவிட்டேன். உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்தேன்.

உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேர் ப்ளேன் இல்லீன்னு நான் அன்னைக்கே பார்த்துச் சொல்லிட்டேனுங்க பெரியம்மா. 'தெரியாத மாதிரி இரு. அந்தப் பொய்யக் காப்பாத்தவாச்சும் தெனமும் போன் பண்ணுவா'ன்னாங்க அம்மா."

உன்னைக் கூப்பிடும் வேளை வந்தால் கை இப்போதும் போனைத் தேடுகிறது. அன்றைக்கான சாக்கு ஒன்று வாயில் தயாராக நிற்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து உயிர்ச் சிநேகிதி என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறேன். அந்த விமானத்துக்கு முன்னால் நான் உன்னைக் கூப்பிட்டது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான்.