பதினொன்றாம் நம்பரின் அம்மா

நவம்பர் 8, வெள்ளி

கண்ணாடிக் கடையில் இன்று பதினான்கு ஜோடி லென்ஸ் அறுத்தேன். ஒன்று விளிம்பில் தெறித்துவிட்டது. முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நாளை பாப்பாவின் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு இந்த வருஷத்தின் முதல் வெளியூர் ஆட்டம். காலை ஆறு மணிக்குக் கல்லூரி வாசலில் ரசிகர்கள் பஸ். போன வருஷம் போலவே மருந்துக்கடை அக்கா எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைக்கிறாளாம். பாப்பாவுக்கு போன் பண்ணினேன். "ரொம்ப தூரம்மா, நாலரை மணி நேரம். இந்தத் தடவை வர வேணாமே" என்றாள். என் முதுகுவலி அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஹாஸ்டலுக்குப் போனபிறகுதான் என்மேல் இவ்வளவு கரிசனம்.

சொல்லாமல் போய் நிற்கப் போகிறேன்.

நவம்பர் 9, சனி

பாப்பா இல்லை.

பயிற்சிக்கு இறங்கி ஓடுகிறார்கள். எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். பதினொன்றாம் நம்பர் இல்லை. கழிவறைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். காலில் கட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பாள் என்று நினைத்தேன். ஆட்டம் ஆரம்பித்தே விட்டது. போன் அடித்தால் எடுக்கவில்லை. அடிபட்டு எங்காவது கிடக்கிறாளா, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லையா?

இடைவேளையில் கோச்சிடம் ஓடினேன். என்னைவிடச் சின்னவள். பாவம், முகம் வெளுத்துவிட்டது. "உங்களுக்குத் தெரியாதா? மூணு வாரம் முன்னாடியே விலகறேன்னு எழுதிக் குடுத்துட்டாளே. வீட்டுல பேசிட்டேன்னு சொன்னாளே."

பின்னாலேயே மருந்துக்கடை அக்காவும், எல்லா ஆட்டத்துக்கும் எங்கள் பஸ்ஸில் வரும் தபால்காரரும் வந்து நின்றிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, "தெரியும். மத்த பிள்ளைங்களைப் பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து இரண்டாம் பாதி முழுவதும் கை தட்டினேன். யாருக்காகத் தட்டினேன்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. தபால்காரர் மட்டும் எப்போதும்போல "பதினொண்ணாம் நம்பர் அம்மா, தண்ணி பாட்டிலை இப்படித் தள்ளுங்க" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நவம்பர் 10, ஞாயிறு

அவளே கூப்பிட்டாள். கோச் சொல்லியிருக்க வேண்டும்.

கத்தக் கூடாது என்றுதான் எடுத்தேன். ஏன்டி சொல்லலை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அத்தனை பேர் நடுவுல முழிச்சுக்கிட்டு நின்னேனே — எல்லாம் வந்துவிட்டது. அவள் அழவில்லை. நான் பேசி முடிக்கும்வரை இருந்தாள். பிறகு, "எனக்கு அது எப்பவுமே அவ்வளவா பிடிச்சதில்லம்மா" என்றாள்.

எப்பவுமேவாம். பத்து வயதிலிருந்து ஒன்பது வருஷம்.

நான் போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

இன்று காலை முதல் வாடிக்கையாளரிடம் பேச வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, கரகரவென்று ஏதோ வந்தது. ஜலதோஷமா என்று அவர் கேட்டார். ஜலதோஷம் இல்லை. சனிக்கிழமை மதியம் கடையை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் யாரோடும் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் காரணம்.

பாப்பாவின் அப்பா இன்னொரு வீட்டுக்குப் போன வருஷம்கூட இப்படி இல்லை. அப்போது கேட்க ஒருத்தி இருந்தாள், பசிக்குது, சாக்ஸைக் காணோம், கையெழுத்துப் போடு என்று.

நவம்பர் 22, வெள்ளி

மருந்துக்கடை அக்கா போன். "நாளைக்கு உங்க சீட்ல பையைப் போட்டு வைக்கிறேன். வர்றீங்கல்ல?" 'மத்த பிள்ளைங்களைப் பாக்க' என்று நான் சொன்ன பொய்யை அவள் அப்படியே நம்பிவிட்டாளா, அல்லது நம்பியதுபோல் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறாளா? வரவில்லை என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். முதுகு இருக்கிறது, வேலை இருக்கிறது.

"வரேன்" என்றேன்.

நவம்பர் 23, சனி

பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஹாஸ்டல் தெரிகிறது. மூன்றாவது மாடி, ஓரத்திலிருந்து இரண்டாவது ஜன்னல். திரை மூடியிருந்தது. தூங்குவாள். அவளிடமிருந்து நாற்பது அடி தூரத்தில், அவளுக்குத் தெரியாமல், அவள் விட்டுவிட்டுப் போன ஆட்டத்தைப் பார்க்கப் பஸ் ஏறினேன். இதை வெளியே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

ஜெயித்தோம். பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தோள் மரத்துப் போயிற்று. நான் அசையவில்லை.

டிசம்பர் 7, சனி

தோல்வி.

டிசம்பர் 14, சனி

குட்டி என்று ஒரு பெண். பெயர் என்னவோ, எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அணியிலேயே குள்ளம், பந்தை எடுத்துக்கொண்டு போகிற வேகத்தில் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விடுவாள். ஆனால் எல்லோரும் நிற்க, தனியாகக் கோட்டில் நின்று எறிய வேண்டிய பந்துகளைத் தவறவிடுகிறாள். இன்று எட்டில் ஆறு போச்சு. தபால்காரர் பயம் என்கிறார்.

பயம் இல்லை. எறியும் முன் இடது கண்ணைச் சுருக்குகிறாள், தலையைக் கொஞ்சம் சாய்க்கிறாள். ஓடும்போது அப்படிச் செய்வதில்லை. இருபத்தாறு வருஷமாக இதே சாய்ந்த தலைகளைத்தான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வளையம் கலங்கித் தெரிகிறது. அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

நான் சொன்னதைக் கேட்டு கோச் குட்டியைக் கடைக்கு அழைத்து வந்தாள். சோதித்துப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் பவர், இடதில் இன்னும் கூடுதல். "எல்லாருக்குமே இப்படித்தான் தெரியும்னு நினைச்சேன் ஆன்ட்டி" என்றாள். பின்னால் பட்டை வைத்த, விளையாட்டுக்குப் போடுகிற ஃப்ரேம் ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. உடையாத ரக லென்ஸைப் போட்டு நானே அறுத்துப் பொருத்தினேன். மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் எதிர்க்கட்டடத்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு மரத்தைப் பார்த்து, இலையெல்லாம் தனித்தனியாக இருக்கிறதே என்றாள்.

அவள் வீடு ரொம்ப தூரமாம். ஆட்டத்துக்கு அவள் பக்கத்திலிருந்து யாரும் வந்ததில்லையாம்.

மாலை முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். பாப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். எதை, எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன்.

ஜனவரி 4, சனி

குட்டி ஒன்பதில் எட்டு. ஒவ்வொன்று விழும்போதும் எங்கள் வரிசை என்னைத் திரும்பிப் பார்த்தது. தபால்காரர் எனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார், கண்ணாடிக்காரம்மா.

புதிதாகச் சேர்ந்த முதல் வருஷப் பெண்ணுக்குப் பதினொன்றாம் நம்பர் பனியன் கொடுத்திருக்கிறார்கள். பின்பக்கம் பார்த்தபோது ஒரு நொடி எழுந்தே விட்டேன். உட்கார்ந்தேன்.

ஜனவரி 11, சனி

பாப்பா வாரம் ஒருமுறை செய்தி அனுப்புகிறாள். சாப்பிட்டேன். நல்லா இருக்கேன். பரீட்சை இருக்கு. நானும் சாப்பிட்டேன், நல்லா இருக்கேன். நான் பஸ்ஸில் போவது பற்றி இன்னும் சொல்லவில்லை. அவள் எனக்குச் செய்ததையேதான் நான் அவளுக்குச் செய்கிறேன். தெரிந்தேதான் செய்கிறேன்.

ஜனவரி 22, புதன்

மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரம். நிமிர்ந்தால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் பாப்பா. இரண்டரை மாதம் கழித்துப் பார்க்கிறேன். முடியைக் கத்தரித்திருக்கிறாள், காது தெரிகிறது. என்னடி சாப்பிட்டியா என்று நான் ஆரம்பிப்பதற்குள் கேட்டாள், ஆட்டத்துக்கெல்லாம் போறியாமே என்று. குட்டி ஹாஸ்டலில் அவளுக்கு இரண்டு அறை தள்ளி இருக்கிறாள். கண்ணாடி கதை ஹாஸ்டல் முழுக்கத் தெரியுமாம்.

சொல்ல நினைத்தேன், வாயே வரலை என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகப் பேசினாள்.

"இருபது வரிசை தள்ளி உக்காந்து அவ கண்ணைச் சுருக்கறது தெரிஞ்சுது உனக்கு. நான் பக்கத்துலயே இருந்தேனேம்மா. ஒன்பது வருஷம்."

அதற்குள் மூக்குப் பிடியின் திருகு கழன்றுவிட்டது என்று ஒரு பெரியவர் வந்தார். பாப்பா அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். நான் திருகைப் போட்டுத் துடைத்துக் கொடுத்து நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

நான் ஏன் அந்தத் திருகைப் போட்டுக்கொண்டிருந்தேன்? இருங்க ஐயா என்று சொல்லத் தெரியாதா எனக்கு?

ஜனவரி 23, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. யோசித்துப் பார்க்கிறேன். ஆட்டம் முடிந்து வண்டியில் ஏறினால் கதவில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அசதி என்று நினைத்தேன். பரிசுக் கோப்பைகளைத் தன் அறையில் வைக்க விடமாட்டாள், ஹாலில் வை என்பாள். அடக்கம் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் எனக்கு வசதியான ஒரு பெயர் வைத்திருந்தேன்.

பிப்ரவரி 8, சனி

இன்று அரையிறுதி. பஸ்ஸுக்கு வரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் காரணம் கேட்கவில்லை. "நாங்க கத்திக்கிறோம், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். எங்கே போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை.

ஹாஸ்டல் வரவேற்பறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்தே முக்காலுக்கு இறங்கி வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். நடக்கப் போகிறேன், வேண்டுமானால் வா என்றாள். கல்லூரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வரை ஒரு மண் ரோடு போகிறது. தினமும் சாயந்திரம் அதில் நடக்கிறாளாம். ரொம்ப தூரம் நடந்தோம். என்னைவிட ஒரு தலை உயரம், ஆனாலும் என் வேகத்துக்குக் குறைத்து நடந்தாள்.

"ஆறு மணி வெளிச்சம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "எப்பவும் அந்த ஹாலுக்குள்ளதானே இருந்தேன். டியூப் லைட்ல."

அப்போதுதான் சொன்னேன். அவள் அப்பா போன பிறகு எனக்குக் கடை எட்டு மணி வரை. பத்து வயதுப் பெண்ணைப் பூட்டிய வீட்டில் தனியாக விடப் பயம். பள்ளிக்கூடத்தில் எட்டு மணி வரை நடந்தது அந்த ஒரு வகுப்புதான். பாட்டு வகுப்பு எட்டு வரை இருந்திருந்தால் பாட்டில் சேர்த்திருப்பேன்.

நின்றுவிட்டாள். "உனக்கு அந்த ஆட்டம்னா உசிருன்னு நினைச்சேன். அதனாலதான் இவ்வளவு நாள் விடல."

"அப்போ எனக்கு அந்த ஆட்டமே புரியாது. உனக்குப் பிடிச்சிருக்குன்னு உக்காந்திருந்தேன்" என்றேன்.

ஒருத்திக்காக ஒருத்தி ஒன்பது வருஷம். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பினோம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "பாக்காம விட்டது என் தப்புதான்" என்றேன். அவள் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஹாஸ்டல் வாசலில் கேட்டாள், இப்போ எதுக்குப் போறே என்று. உண்மையைச் சொன்னேன். முதலில் வெட்கத்துக்குப் போனேன், பிறகு பேச ஆள் இருக்கிறது என்று போனேன், இப்போது ஆட்டமும் பிடித்துப்போய்விட்டது.

"அப்ப போ. இறுதியாட்டத்துக்குப் போகாம எனக்காக இங்க வந்து உக்காராதே" என்றாள்.

ஜெயித்துவிட்டோம் என்று அக்கா ஏழு மணிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 19, புதன்

செய்தி எதுவும் இல்லை. நானும் அனுப்பவில்லை. தொந்தரவு பண்ணக் கூடாது. ஒரு நாள் மாலை நடந்ததை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷத்தை அழித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

கடையை விட்டு ஆறு மணிக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

நேற்று இறுதியாட்டம். தோற்றுப்போனோம், மூன்றே புள்ளி. கடைசி நிமிடத்தில் குட்டி எறிந்தது வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று, அவர்கள் உள்ளே போகும்வரை தட்டினோம். தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி என்றார்.

பஸ் கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். போன் அடித்தது. பாப்பா.

என்ன ஆச்சு என்று கேட்டாள். தோத்துட்டோம் என்றேன். பிறகு, "நல்லா ஆடினீங்களா?" என்றாள்.

'ஆடினாங்களா' என்று கேட்கவில்லை. கேலியா என்று ஒரு நொடி காதைத் தீட்டினேன். கேலி இல்லை.

"நல்லாத்தான் ஆடினோம்" என்றேன்.

குட்டி ரொம்ப அழுதாளா என்று விசாரித்தாள். மறுநாள் போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள். அப்புறம், பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்றாள். ஐந்து, வீட்டுக்கு வர ஆறரை ஆகும் என்றேன். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். பக்கத்தில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "யாரு, பொண்ணா?" என்றாள். ஆமாம் என்றேன். என் கையை ஒரு தட்டு தட்டினாள்.

ஆறரைக்கு எங்கள் தெருமுனையில் இறங்கினேன். மாடியில் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் அணைக்க மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். படியேறும்போது உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம். இன்னொரு சாவி பாப்பாவிடம்தான் இருக்கிறது.

சாவி கையில்தான் இருந்தது. பைக்குள் போட்டுவிட்டு மணியை அடித்தேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.