கேட்டதற்கு மட்டும் பதில்

அக்டோபர் 5, ஞாயிறு

நவராத்திரி முடிந்து அம்மன் நகைகளைப் பெட்டியில் திருப்பி வைத்தபோது பச்சைக்கல் பதக்கம் மட்டும் காணவில்லை. பெட்டிச் சாவி என் கணவர் கைலாஷிடம்தான் இருக்கும். ஒன்பது வருஷமாகக் கோயில் ஆபீசைப் பார்த்துக்கொள்கிறவர். செக்ரட்டரி வெங்கடேஸ்வரன் மாமா, "நம்ம கைலாஷ்தான், ஆனாலும் போலீஸ்ல சொல்லணுமோல்லியோ" என்றாராம். அந்த 'ஆனாலும்' எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 6

ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்கள். இவரோ, ஆட்டோக்காரன் குரலை உயர்த்தினாலே கேட்டதைக் கொடுத்துவிட்டு ஸாரியும் சொல்கிறவர். மிரட்டினால் செய்யாததைக்கூட ஒப்புக்கொண்டுவிடுவார்.

பாளையம் லைப்ரரியிலிருந்து போலீஸ் விசாரணை முறைகள் பற்றி மூன்று புத்தகம் எடுத்து வந்தேன். லைப்ரரியன் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். சமையலையே புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள் நான்.

அக்டோபர் 8

நடந்ததைக் கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்களாம். பொய் என்றால் இடறும். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்களாம். அது தாங்காமல் ஆள் எதையாவது உளறுவான். இல்லாத சாட்சியை இருப்பதாகச் சொல்வது கடைசி வித்தை.

இவருக்கு முதல் பாடம்: கேட்டதற்கு மட்டும் பதில்.

அக்டோபர் 9

சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை. நான் போலீஸ்.

"அன்னிக்கு நடை சாத்தினது யாரு?"

"நான்தான். மழைன்னா மழை, கொடை எடுக்கல்லே, சாந்திக்காரர் வேற பூஜையை முடிச்சுட்டு ஆட்டோ கிடைக்காம..."

"மழையைப் பத்திக் கேட்டேனா?"

"ஸாரி, சார்." சிரித்துவிட்டார். நானும்தான்.

அக்டோபர் 12

கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். முன்பு பெட்டியைப் பூட்டிவிட்டு விளக்கை அணைத்தேன் என்றவர், இன்று விளக்கை அணைத்த பிறகுதான் பெட்டியைப் பூட்டினேன் என்கிறார். மறதிதான்.

மறதிதானே?

அக்டோபர் 13

நிம்மதியாகத் தூங்குகிறார். எப்படி முடிகிறது?

அக்டோபர் 14

இன்றும் சும்மாதான் ஆரம்பித்தேன். இல்லை, சும்மா இல்லை.

"காமராவுல உங்க கை தெரியறது" என்றேன். கோயிலில் காமராவே கிடையாது, அவருக்கும் தெரியும். பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன். அப்புறம், "எங்கிட்ட மட்டும் சொல்லுங்கோ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" — இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் வாயில் தானாக வந்தது.

"கேக்கறது யாரு? போலீஸா, நீயா?"

போலீஸ் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை! வாய் வரவில்லை.

"சரி. நான்தான் எடுத்தேன். போருமா?"

தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தார்.

அக்டோபர் 16

ஸ்டேஷன். வெளியே பெஞ்சில் நான். கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டார். கூடவே வந்த எஸ்.ஐ. ஷீனா, பயப்பட வேண்டாம் என்று மலையாளத்தில் என்னிடம் சொன்னாள். ஒரு சாயா கொடுத்து, எடுத்தீர்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டாளாம். இல்லை என்றாராம். ஆளைப் பார்த்தாலே தெரிகிறதே என்றாள்.

முன்பின் பார்த்திராதவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு என்ன கேடு? ஆட்டோவில், "நான் சும்மா, உங்களைப் பழக்கறதுக்காகத்தான்..." என்று ஆரம்பித்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நவம்பர் 3

பதக்கம் கிடைத்துவிட்டது. விஜயதசமியன்று அம்மனுக்குச் சார்த்திய புடவையை ஒரு பெங்களூர்க் குடும்பத்துக்குப் பிரசாதமாகக் கொடுத்திருந்தார்கள். அதை நேற்றுத்தான் பிரித்தார்களாம். கொசுவத்துக்குள் ஊசியோடு பதக்கம்.

வெங்கடேஸ்வரன் மாமா வீட்டுக்கே வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊரே சந்தேகப்பட்டாலும் நீதான்மா கூட நின்னே" என்றார். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 19

புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் சாலைக் கடையில் அவருக்குப் பிடித்த நேந்திரங்காய் வறுவல் வாங்கி வந்தேன்.

"சாப்டேளா?"

"ஆச்சு."

"மழை பெஞ்சுதே, நனைஞ்சேளா?"

"இல்லே."

மழை என்றால் குடை, ஆட்டோ, சாந்திக்காரர் என்று அரை மணி நேரம் பேசுகிற மனுஷர். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவரும் பேசவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தோம். தாங்காமல் வாயைத் திறந்தது நான்தான்.

"நெஜமாவே சந்தேகப்பட்டேன்."

"தெரியும்" என்றார்.